பல்ஸ் 78, பல்ஸ் 112: நர்ஸின் கணிப்பும் நோயாளிக்குச் சொல்லித்தருவதும்

“டாக்டர் எழுதுவார், நர்ஸ் செய்வார்.” ஆஸ்பத்திரி என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனதில் வரும் சித்திரம் இதுதான். நர்சிங் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் குழப்பம் வேறு மாதிரி இருக்கிறது. ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ என்றால் அனுபவத்தில் தானாக வந்துவிடும் உள்ளுணர்வு என்கிறார் ஒருவர். அமெரிக்கா போக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வின் ஒரு பகுதி என்கிறார் இன்னொருவர். 2023 ஏப்ரலில் அந்தத் தேர்வு மாறி, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து ‘இப்போது என்ன செய்வாய்’ என்று கேட்கும் கேள்விகள் வந்ததிலிருந்து இந்தச் சொல் கோச்சிங் சென்டர்களில் அதிகமாகவே புழங்குகிறது. ‘பேஷன்ட் டீச்சிங்’ நிலைமை இன்னும் மோசம். டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைக் கவரோடு சேர்த்துச் சொல்லும் நாலு வார்த்தை என்றே பலர் நினைக்கிறார்கள்.

பல வருடம் வார்டில் நின்றுவிட்டு இப்போது வகுப்பறையில் நிற்கும் எனக்கு, இந்த இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துவதே தவறு என்று தோன்றுகிறது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங் என்பது பெரியவர்களுக்கான பொது வார்டு வேலை. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் என்று படுத்திருப்பவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். ஐ.சி.யு.வில் இருப்பதுபோல ஆளுக்கொரு மானிட்டர் இங்கே கிடையாது. இரவில் ஒரு நர்ஸ் முப்பது கட்டிலைப் பார்க்கும் இடங்கள் உண்டு. பார்க்கும் கண்தான் மானிட்டர்.

மாவு பொங்கும் நேரம்

இட்லிக்கு மாவு அரைத்து எட்டு மணி நேரம் வைக்க வேண்டும் என்று சமையல் குறிப்பில் இருக்கும். மார்கழியில் எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் மாவு அப்படியே கிடக்கும். சித்திரையில் ஐந்து மணி நேரத்திலேயே பாத்திரத்தை விட்டு வழியும். வீட்டில் சமைக்கிறவர் குறிப்பைத் தூக்கிப் போடுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு, கூடவே மாவையும் பார்க்கிறார். மூடியைத் திறந்து முகர்கிறார், கரண்டியால் கிளறிப் பார்க்கிறார், “இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே ஊத்திடணும்” என்று முடிவெடுக்கிறார்.

டாக்டரின் ஆர்டர் அந்தக் குறிப்பு மாதிரி. “நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்கவும்” என்று எழுதும்போது அவர் அந்த நேரத்து நோயாளியை மனதில் வைத்து எழுதுகிறார். அவர் போன பிறகு நோயாளி மாறுகிறார். அந்த மாற்றத்தைக் கண்டு, அது எதைக் காட்டுகிறது என்று யோசித்து, இப்போது என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட். இனி இதைக் ‘கணிப்பு’ என்றே எழுதுகிறேன்.

இதில் ஒரு எல்லை உண்டு. நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் டாக்டர் பொறுப்பு. ஆள் தேறுகிறாரா, சரிகிறாரா என்பதைப் பக்கத்திலேயே இருந்து கண்டுபிடிப்பது நர்ஸ் பொறுப்பு.

தவிட்டுத் தண்ணியை விட்டுப்போன மாடு

மாடு வளர்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். “காலையில தவிட்டுத் தண்ணியை மோந்து பார்த்துட்டு விட்டுடுச்சு, ஏதோ சரியில்ல” என்பார். வேறு யாருக்கும் அந்த மாட்டிடம் ஒரு குறையும் தெரியாது. அவருக்கு மட்டும் ஏன் தெரிகிறது? நேற்று அது எப்படிக் குடித்தது என்று அவருக்குத் தெரியும்.

கணிப்பின் முதல் கருவி இதுதான். ஒருவருக்கு எது வழக்கமோ அதை அவருடைய வழக்கநிலை என்று வைத்துக்கொள்வோம். பல்ஸ் 96 என்பது பாடப்புத்தகத்தில் இயல்பு. 60 முதல் 100 வரை இயல்புதானே. ஆனால் நான்கு மணி நேரம் முன்பு 78 இருந்தவருக்கு 96 ஒரு சேதி. எண் எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

இதில் நான் வெட்கப்படும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வார்டில் மிக அதிகமாக ஏமாற்றி எழுதப்படுவது மூச்சு எண்ணிக்கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எண்ணாமலேயே வரிசையாக 20, 20, 20 என்று எழுதியிருக்கிறேன். ஒருநாள் சீனியர் சிஸ்டர் ஒரு நோயாளி பக்கத்தில் வாட்சைப் பார்த்தபடி முழு நிமிடம் நின்று எண்ணினார். 32. நான் எழுதியிருந்தது 20. அவர் திட்டவில்லை, கேஸ் ஷீட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். உடல் மோசமாகும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சு ஒன்று. அதை எண்ணாமல் எழுதுகிறவருக்குக் கணிக்க ஒன்றும் மிஞ்சாது.

இதுவரை பார்த்தது: ஆர்டர் என்பது ஒரு நேரத்துக்கு எழுதியது. நோயாளி நேரத்தோடு மாறுகிறார். மாற்றத்தை அவருடைய வழக்கநிலையோடு ஒப்பிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும்.

குடும்பம் போலவே உடம்பும் கஷ்டத்தை மறைக்கும்

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் வருமானம் நின்றுவிட்டது என்று வையுங்கள். அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. முதலில் புதுத்துணி நிற்கும், பிறகு பால் பாக்கெட் ஒன்று குறையும், நகை அடகுக்குப் போகும். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை மட்டும் கடைசிவரை கட்டிக்கொண்டிருப்பார்கள். அதுவும் நிற்கும்போதுதான் ஊருக்குத் தெரியும். அதற்குள் வீட்டில் மிச்சம் எதுவும் இருக்காது.

ரத்தம் இழக்கும் உடம்பும் இப்படித்தான் சமாளிக்கிறது. இதற்கு ஈடுகட்டல் என்று பெயர். மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் ஸ்கூல் ஃபீஸ் மாதிரி, கடைசிவரை காப்பாற்றப்படும். தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது முதலில் வெட்டப்படும். அதனால் கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும். இதயம் வேகமாக அடித்துக் குறையைச் சரிக்கட்டும், பல்ஸ் ஏறும். ரத்தக்குழாய்கள் இறுகும். அதனால் பி.பி.யின் கீழ் எண் கொஞ்சம் ஏறும், மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி சுருங்கும். மேல் எண் மட்டும் வெகுநேரம் ஆடாமல் நிற்கும்.

60 கிலோ எடையுள்ளவர் உடலில் ஏறத்தாழ 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 15 முதல் 30 சதவீதம், அதாவது சுமார் 600 முதல் 1,200 மில்லி வரை, போன பிறகும் மேல் எண் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். “பி.பி. நார்மல்தானே” என்ற ஒரு வார்த்தை வார்டில் எத்தனை ஆபத்தானது என்பது இங்கே புரியும்.

ஒரு இரவு

நான் பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். 52 வயது, 60 கிலோ, லாரி ஓட்டுகிறவர். மதியம் குடலில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்திருக்கிறார். மாலை 4 மணிக்கு பல்ஸ் 78, பி.பி. 128/80, மூச்சு 16, யூரின் பேக்கில் மணிக்கு 50 மில்லி. 8 மணிக்கு பல்ஸ் 96, பி.பி. 124/86, மூச்சு 20, யூரின் 35. பத்து மணிக்கு அவர் மனைவி நர்ஸ் மேஜைக்கு வருகிறார்.

“சிஸ்டர், இவர் தூங்கவே மாட்டேங்கிறார். புரண்டுக்கிட்டே இருக்கார், தண்ணி தண்ணின்னு கேக்குறார். வலின்னும் சொல்லல. இவர் இப்படி இருக்கற ஆளே இல்ல.”

நர்ஸ் போய்ப் பார்க்கிறார். பல்ஸ் 112, பி.பி. 118/92, மூச்சு 24, காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் அளவு 96. கடந்த ஒரு மணி நேர யூரின் 20 மில்லி. உள்ளே சேரும் ரத்தமும் நீரும் வெளியேற வயிற்றில் வைத்த குழாயில், அதாவது டிரெயினில், எதுவும் வரவில்லை.

இந்தக் கட்டத்தில் நர்ஸின் மனதில் நடப்பதை அமெரிக்க நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டின் டேனர் 2006இல் நான்கு அசைவுகளாகப் பிரித்தார்: கவனித்தல், பொருள்கொள்ளல், செயல்படல், திரும்பிப் பார்த்தல். கவனித்தாயிற்று. அதிலும் முதலில் கவனித்தவர் மனைவி.

பொருள்கொள்வதில்தான் நிறைய வேலை இருக்கிறது, இங்கே அவசரப்படக் கூடாது. பல்ஸ் ஏற வலி காரணமாக இருக்கலாம். ஆனால் வலி இல்லை என்கிறார்; தவிர, வலியில் மேல் எண்ணும் பெரும்பாலும் கூடவே ஏறும், இங்கே இறங்கியிருக்கிறது. பயமாக இருக்கலாம். பயந்தவருக்கு யூரின் ஏன் குறைய வேண்டும்? யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார், மடங்கவில்லை. மணிக்கு, எடையில் கிலோவுக்கு அரை மில்லியாவது வர வேண்டும். இவருக்கு அது 30 மில்லி, வந்தது 20. பி.பி. எண்களின் இடைவெளி 48இலிருந்து 38, இப்போது 26. பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், வரவில்லை. டிரெயின் காலியாக இருப்பது ஆறுதல் தராது. உறைந்த ரத்தம் குழாயை அடைத்திருந்தாலும் காலியாகத்தான் இருக்கும்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சாக்கு சொல்லிவிடலாம். எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டும்போது சாக்கு நிற்காது. உள்ளே ரத்தம் கசிகிறது என்ற சந்தேகம்தான் அத்தனைக்கும் பொருந்துகிறது.

இன்னொரு கேள்வியும் நல்ல நர்ஸுக்கு வரும்: இவர் பி.பி.க்கு அட்டினலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவரா? அந்த வகை மாத்திரைகள் இதயத்துடிப்பைக் கட்டிவைக்கும். அவருக்கு ரத்தம் போனாலும் பல்ஸ் 112 ஆகாமல் 85இலேயே நிற்கலாம்.

மதிப்பெண் போட்டால் போதாதா?

நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் ‘நியூஸ்’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து, 2017இல் திருத்தியது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, மேல் பி.பி., பல்ஸ், சுயநினைவு, காய்ச்சல் என்று ஏழுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 5 ஆனால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும், 7 ஆனால் அவசரநிலை. உயிர் காக்கும் நல்ல கருவி. எண்ணத் தவறுகிறவரையும் எண்ண வைக்கிறது.

நம் லாரிக்காரருக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சு 24க்கு 2, பல்ஸ் 112க்கு 2. மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 4.

5 வரவில்லை. 4 வரை, நர்ஸ் பார்த்து முடிவு செய்யலாம், நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும் என்கிறது அந்த முறை. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் அடுத்த முறை அவரைப் பார்ப்பது நள்ளிரவு இரண்டு மணிக்கு மேல். சில்லிட்ட பாதத்துக்கும் சுருங்கும் இடைவெளிக்கும் குறையும் யூரினுக்கும் “இவர் இப்படி இருக்கற ஆளே இல்ல” என்ற வார்த்தைக்கும் அதில் கட்டம் கிடையாது. அந்த முறையை உருவாக்கியவர்களும், கணிப்புக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்லும் விதம்

செயல்படுவதில் முதல் வேலை டாக்டரைக் கூப்பிடுவது. “சார், ஆறாம் பெட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கார்” என்றால், தூக்கத்தில் இருக்கும் டியூட்டி டாக்டர் “பார்த்துக்கிட்டே இருங்க” என்பார். அவர்மேல் தப்பில்லை, சேதி அப்படி. இதற்காகவே ‘எஸ்பார்’ என்ற ஒழுங்கு இருக்கிறது: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை இது.

“சார், ஆறாம் பெட், பல்ஸ் 112, பி.பி. 118/92, யூரின் இந்த ஒரு மணி நேரத்துல 20தான். மத்தியானம் குடல் ஆபரேஷன் ஆனவர், நாலு மணிக்கு பல்ஸ் 78, பி.பி. 128/80 இருந்துச்சு. கால் சில்லுன்னு இருக்கு, பரபரப்பா இருக்கார். உள்ளே பிளீடிங் இருக்குமோன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும் சார்.”

நான்காவது வாக்கியமும் ஐந்தாவதும்தான் புதியவர்களுக்கு வாயில் வராது. “நான் நினைக்கிறேன்” என்று சொல்லத் துணிய வேண்டும். டாக்டர் வரும்வரை அவரைப் படுக்க வைத்து, டிரிப் லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் வைத்திருப்பார் நர்ஸ். மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக நேரலாம்.

இதுவரை பார்த்தது: உடம்பு ஈடுகட்டி மறைக்கும். அதைச் சிறு குறிப்புகளைச் சேர்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டதைத் தெளிவாகச் சொன்னால்தான் அது சிகிச்சையாகும்.

அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

நான்காவது அசைவான திரும்பிப் பார்த்தலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் ஏன் பத்து மணிக்கே வந்தார்? கணவர் தண்ணீர் கேட்டபோது ஏன் ஒரு மடக்கு கொடுக்காமல் எழுந்து வந்தார்?

மாலை டியூட்டி சிஸ்டர் அவரிடம் இரண்டு நிமிடம் நின்று பேசியிருந்தார். “அக்கா, ராத்திரி இவருக்கு வலி இருக்கும், அதுக்கு மருந்து போட்டிருக்கோம். ஆனா ரொம்பப் புரண்டாலோ, தாகம்னு திரும்பத் திரும்பக் கேட்டாலோ, உடம்பு சில்லுன்னு வேர்த்தாலோ நீங்க ஒண்ணும் குடுக்காதீங்க. எந்நேரமானாலும் டியூட்டி சிஸ்டரைக் கூப்பிடுங்க.” அதுதான் பேஷன்ட் டீச்சிங். முப்பது கட்டிலில் ஒரு கட்டிலுக்கு இன்னொரு ஜோடிக் கண் கிடைத்தது. அதுவும் முப்பது வருட வழக்கநிலையை அறிந்த கண்.

சொல்லித்தருவது என்றால், நர்ஸின் கணிப்பில் ஒரு துண்டை எடுத்து, நோயாளி அல்லது வீட்டார் கையில் கொடுப்பது. எதைக் கவனிக்க வேண்டும், அது எதைக் காட்டுகிறது, உடனே என்ன செய்ய வேண்டும். டேனரின் அதே வரிசைதான், வீட்டு மொழியில்.

உப்பு, தேவையான அளவு

ஃபோனில் குழம்புப் பக்குவம் கேட்டால் அம்மா “உப்பு தேவையான அளவு போடு” என்பார். புதிதாகச் சமைப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதயம் பலவீனமானவரிடம் நாம் “உப்பைக் குறைச்சுக்கோங்க” என்பதும் அதே மாதிரிதான். அவர் மோரில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டு, அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் வழக்கம்போல் சாப்பிடுவார். குறைத்துவிட்டோம் என்று நிஜமாகவே நம்புவார்.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக என்கிறது. நாலு பேர் வீட்டில் சமையலுக்கு மாதம் 600 கிராமைத் தாண்டக் கூடாது. “ஒரு கிலோ பாக்கெட் உங்க வீட்டுல எத்தனை நாள் வரும்?” என்று கேட்டால் பேச்சு உடனே உயிர்பெறும். அதோடு, தினமும் காலையில் யூரின் போன பிறகு ஒரே எடை மெஷினில் நின்று குறித்துவரச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, தேங்கிய நீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் வந்து காட்ட வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதும் கணிப்புதான். சமைப்பது மருமகள் என்றால் மாமனாரிடம் மட்டும் உப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? வலியில் துடிப்பவருக்கும், பில் கட்ட ஓடிக்கொண்டிருக்கும் மகனுக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் ஏறாது. “1-0-1” என்று எழுதிய கவரைப் பார்த்து, அது காலை, மதியம், இரவு என்பதே புரியாமல் தலையாட்டுகிறவர்கள் உண்டு.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

சொல்லித்தருவதும் மருந்து மாதிரியே துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்சுலினை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றிச் செய்தால் 20க்குப் பதில் 8தான் போகும். “20 யூனிட் போட்டுக்கோங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், மெடிக்கல் ஷாப்பில் எந்த சிரிஞ்சு கிடைக்கிறதோ அதைப் பொறுத்தது அவர் உயிர்.

கூடவே சர்க்கரை தாழ்ந்துபோவதைப் பற்றிச் சொல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் வந்தால், அல்லது அளவு 70க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சரியானதும் சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்

கேட்டால் “புரிஞ்சுது சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். மரியாதைக்காக, பயத்துக்காக, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக. அதனால் திருப்பிச் சொல்ல வைக்கும் முறையைப் பயன்படுத்துகிறோம். பாரம் நோயாளிமேல் விழாதபடி கேட்க வேண்டும்: “அம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் இதை உங்க மருமககிட்ட எப்படிச் சொல்வீங்க?”

ஒரு பாட்டியிடம் இப்படிக் கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னார். கையில் சிரிஞ்சைக் கொடுத்து, தண்ணீரை 20 வரை இழுத்துக் காட்டச் சொன்னேன். 28இல் நிறுத்தினார். கண்ணில் புரை. வார்த்தையில் தேறியவர் கோட்டில் தவறினார். பேரனை வரச் சொல்லி அவனுக்குக் கற்றுக்கொடுத்து, அவன் மூன்று முறை இழுத்துக் காட்டிய பிறகுதான் அனுப்பினோம். கண் டாக்டருக்கும் சீட்டு எழுதி வாங்கினோம்.

நீங்கள் நாளை யாருக்காவது துணையாக வார்டில் இருக்க நேர்ந்தால், கிளம்பும் முன் சிஸ்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஆனால் அந்த நிமிடமே கூட்டிவர வேண்டும்? என்ன ஆனால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம்? இந்த மருந்தை நான் போடுவதை ஒருமுறை பார்க்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு வந்து நிற்பார்.